ஊறுகாய் பாட்டிலும் ஒரு குவில்ட்டும்

வகுப்பு முடிந்த மறுநாள் நான் ஊசியைத் தொடமாட்டேன். தலை போகிற காரியமானாலும் சரி. மூன்று நாள் தொண்டை வற்றக் கத்தி, குனிந்து குனிந்து மற்றவர்களுடைய தையலைப் பிரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறவளுக்கு ஒரு நாளாவது சும்மா கிடக்க உரிமை உண்டு. பக்கத்தில் தண்ணீர் இருக்கிற இடம் எது என்று விசாரித்து, பஸ் ஏறிப் போய், நல்ல மரத்தடியாகப் பார்த்துக் காலை நீட்டிவிடுவேன். "தனியாவா போறீங்க?" என்று லாட்ஜில் கேட்பார்கள். "பின்ன, மேளம் வெச்சுக்கிட்டா போவாங்க?" என்பேன்.

நான் திருச்சிக்காரி. ஊர் ஊராகப் போய் குவில்ட் தைக்கச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு விரிப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி; மூன்றையும் சேர்த்து நெடுக ஓட்டுத்தையல் போட்டால் குவில்ட். போர்த்தவும் செய்யலாம், விரிக்கவும் செய்யலாம். இதைச் சொன்னவுடன் எல்லா ஊரிலும் யாராவது ஒருத்தி, "பழம்புடவைய மடிச்சுத் தைப்போமே, அதானே?" என்று கேட்பாள். "அதேதான். நீ தைச்சா சுருங்கும், நான் தைச்சா சுருங்காது, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று பதில் சொல்வேன். முதல் நாளே இப்படி ஒரு போடு போட்டு வைத்தால்தான் வகுப்பு கையில் நிற்கும்.

அந்தத் தை மாதம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் தொடர்ச்சியாக வகுப்புகள். மகளிர் குழுக்காரர்கள் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் உடையார்பாளையம். சக்கரம் வைத்த பெட்டி நிறையத் துணியும், தோளில் பஞ்சுச் சுருளுமாக நான் ஏறியதைப் பார்த்த கண்டக்டர், "என்னம்மா, மெத்தைக் கடையா?" என்றார். "ஆமா, டிக்கெட்டுக்குப் பதிலா ஒரு தலகாணி தரட்டுமா?" என்றேன். மனிதர் சிரித்துவிட்டு, பஞ்சுச் சுருளை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வாங்கி வைத்தார். உடையார்பாளையத்துப் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைத்துப் பழகிய கைகளோடு வந்திருந்தார்கள். ஊசி குத்தினால் ஒருத்திகூட 'ஸ்' என்று சொல்லவில்லை. அங்கே முடித்த மறுநாள் நான் லாட்ஜ் ரூமில் மதியம்வரை தூங்கி, எழுந்து பரோட்டா சாப்பிட்டு, மறுபடியும் தூங்கினேன். அருமையான நாள்.

அடுத்தது லப்பைக்குடிக்காடு. வெள்ளாற்றங்கரை ஊர். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். பஸ் விட்டு இறங்கினதும் கண்ணில் படுவது துணிக்கடையும் பெட்டிக்கடையும் டிராவல்ஸும்தான். ஒரு வீட்டு மாடிக் கூடத்தில் பாய் விரித்து வகுப்பு. திங்கள் ஆரம்பித்துப் புதன் முடிக்க வேண்டும். வியாழன் என் நாள். கரைவெட்டி ஏரிக்குப் போவதாக முடிவு செய்து, அரியலூரில் ரூமும் சொல்லிவைத்துவிட்டேன்.

முதல் நாள் எல்லோரும் வீட்டிலிருந்து பழைய துணி கொண்டுவந்தார்கள். கைலி, சுடிதார், தாவணி என்று குவிந்தது. என் முறை எளிது. எந்தத் துணியானாலும் ஒரே அளவுச் சதுரமாக வெட்டு. அப்புறம் நிறம் பார்த்து அடுக்கு. எல்லோரும் வெட்டிக்கொண்டிருக்க, மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மடியில் ஒரு பை. பைக்குள்ளே குழந்தைச் சட்டைகள்.

"வெட்டும்மா. பார்த்துக்கிட்டே இருந்தா அது தானா வெட்டிக்குமா?" என்றேன்.

"வெட்டாம தைக்க முடியாதா டீச்சர்?"

"சட்டையச் சட்டையாவே வெச்சுத் தைச்சா அதுக்குப் பேரு குவில்ட் இல்ல, கொடியில காயப்போட்ட துணி."

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள்; ஆனால் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. டீ குடிக்கிற நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னதான் உனக்குப் பிரச்சினை?" என்று கேட்டேன்.

அவள் கணவர் துபாயில் இருக்கிறார். கல்யாணமான கையோடு போனவர், ஒரே ஒரு முறை வந்தார். அந்த விடுமுறை முடிந்து அவர் திரும்பிப் போனபோது இவள் மாசமாக இருந்தாள். மகள் பிறந்து இப்போது எல்கேஜி போகிறாள். வேலை மாறியது, விசா மாறியது, லீவு தள்ளித் தள்ளிப் போனது. அப்பா மகளை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் தினமும் வீடியோ காலில் பார்க்கிறார்.

"அப்புறம் என்ன? தினமும் பாக்குறாருல்ல?" என்றேன்.

"போன்ல எல்லாம் ஒரே அளவு டீச்சர்" என்றாள். "கைக்கொழந்தையா இருந்தப்பவும் அந்தத் திரைக்குள்ளதான் இருந்தா, இப்பவும் அதுக்குள்ளதான் இருக்கா. போன மாசம் ஊருக்கு வந்த ஒருத்தங்க கிட்ட மகளுக்குக் கவுன் வாங்கிக் கொடுத்து விட்டாங்க. ஜரிகை எல்லாம் வெச்சு, ஆசை ஆசையா. பிரிச்சுப் பாத்தா ஒரு வயசுப் புள்ளைக்குப் போடுறது. கை கூட நுழையல."

"சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? பட்டனைப் போடாம முன்னாடி புடிச்சுக் காமிச்சேன். சூப்பரா இருக்குன்னு சந்தோசப்பட்டாங்க." அவள் பையைத் தடவினாள். "இது எல்லாம் அவ பொறந்ததுலேருந்து போட்ட சட்டை. போன்ல பாத்த சட்டைதான் எல்லாம், அவங்களுக்கு அடையாளம் தெரியும். சின்னதுலேருந்து பெருசு வரைக்கும் வரிசையா வெச்சுத் தைச்சு அனுப்பிட்டா, எம்புள்ள எவ்வளவு பெருசா வளந்திருக்கான்னு அவங்களே கையால தொட்டுப் பாத்துக்குவாங்க. வெட்டிட்டா அது வெறும் துணி."

வகுப்பில் நான் கண் கலங்குகிற பழக்கம் கிடையாது. "மூக்கைத் துடை. சட்டைய எடு" என்றேன்.

பையைக் கொட்டினோம். முழுச் சட்டைகளை அப்படியே வைத்துத் தைத்தால் முன்பக்கம், பின்பக்கம், உள்துணி என்று கனத்துவிடும். இதுவரை யாருக்கும் நான் இப்படித் தைத்துக் கொடுத்ததில்லை. அதனால் என்ன, தைத்தால் வருகிறது. பக்கத்துத் தையலைப் பிரித்து, பின்பக்கத்தை எடுத்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் காலரும் கையுமாக விரித்து வைக்கலாம் என்று காட்டினேன். எதிரே இருக்கிறவருக்கு அது முழுச் சட்டையாகத்தான் தெரியும்.

"பஞ்சு வேணாம் டீச்சர்" என்றாள். "எடை ஏறிடும். பக்கத்து வூட்டு அண்ணன் ஞாயித்துக்கிழமை போறாங்க. அவங்க பெட்டியிலதான் போகணும்."

குவில்ட்டைப் பற்றி என்னிடம் நிறம் கேட்டிருக்கிறார்கள், அளவு கேட்டிருக்கிறார்கள். எடை கேட்டது இந்த ஊர்தான். பஞ்சுக்குப் பதிலாக நடுவில் ஒரு பழைய வாயில் புடவையை வைத்துக்கொண்டோம். அடியில் அவள் கணவருடைய கட்டம் போட்ட கைலி. மேலே தொட்டில் குழந்தையின் சட்டையிலிருந்து எல்கேஜி யூனிஃபார்ம்வரை சாய்வாக ஏறிப்போனது. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கவே அவ்வளவு அழகு. செவ்வாய்க்கிழமை எல்லோரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அதை வந்து வந்து பார்த்தார்கள்.

புதன்கிழமை மாலை கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது அவள் மாடிப்படி ஏறி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் டிக்கெட்டை மாற்றிவிட்டார்களாம். ஞாயிறு இல்லை, வெள்ளி விடிகாலையிலேயே திருச்சியில் பிளேன். வியாழன் மாலை பெட்டி கட்டுகிறார்கள். அவளுடைய குவில்ட்டில் பாதித் தையல்கூட ஆகவில்லை. இதைவிட்டால் அந்த ஊருக்கு அடுத்த ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது.

அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள்தான் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வியாழக்கிழமை கரைவெட்டி. ரூமுக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அந்தக் கம்பெனிமேல்.

"எல்லாரும் நாளைக்குக் காலையில வந்துடுங்க. ஊசியோட" என்றேன். "என் லீவு போகலை. ஒரு நாள் தள்ளி வெச்சிருக்கேன். அதுலயும் யாராவது கை வெச்சீங்க, நடக்கிறதே வேற."

வியாழன் காலையில் வகுப்பு மொத்தமும் வந்தது. குவில்ட்டை நடுவில் விரித்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகத் தைக்க ஆரம்பித்தோம். யாரோ பிரியாணி கொண்டுவந்தார்கள். எண்ணெய்க் கையோடு துணியைத் தொடக் கூடாது என்று நான் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன். அந்தச் சின்னப் பெண்ணும் ஸ்கூல் விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இது என் சட்டை, இதுவும் என் சட்டை, எல்லாமே என் சட்டை. எங்க அத்தாவுக்கு எதுக்கு என் சட்டை?" என்று கேட்டாள். "போட்டுக்கத்தான்" என்றேன். அவளுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்வதற்குள் கடைசி விளிம்பு மடித்துத் தைத்தாயிற்று.

பெட்டி கட்டுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டு முன்ஹாலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி, கயிறு, டேப், கொக்கி வைத்த தராசு. போகிறவர் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாயார்தான் சகலமும். அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்காகத் தெருவில் இருப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக வாங்கி, தூக்கிப் பார்த்து, 'இது போகும், இது போகாது' என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பெட்டி நிரம்பியிருந்தது. மசாலாப் பொடி, வட்டலாப்பத்துக்குக் கருப்பட்டி, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு எலுமிச்சை ஊறுகாய் இரண்டு கண்ணாடி பாட்டில்.

குவில்ட்டைத் தராசில் மாட்டினார்கள். அந்த அம்மாள் முள்ளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எடமில்லையேம்மா. எடை தாண்டுனா ஏர்போர்ட்ல பிரிச்சுக் கீழ போடச் சொல்லிடுவான். தின்னுற சாமான எடுத்துட்டுத் துணிய வெக்க முடியுமா? அடுத்தவங்க கிட்ட குடுத்து விடலாம், சபுர் பண்ணிக்க."

பொறுத்துக்கொள் என்கிறார். என் மாணவி குவில்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த அம்மாள் பெட்டிக்குள் குனிந்து எதையோ பார்த்தார். பாட்டில்கள் உடையாமல் இருக்கப் பழைய கைலி, டவல், பேப்பர் என்று ஏகப்பட்டதைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

"இந்தக் கந்தலையெல்லாம் எடுத்துட்டு, இத பாட்டிலுக்குச் சுத்திட்டா?" என்றார். "எடைக்கு எடை சரியாப் போயிடும்."

"என்னது?" என்றேன். "ஊறுகாய்க்கா? நாலு நாளா இத்தனை பேரு உக்காந்து தைச்சத ஊறுகாய் பாட்டிலுக்குச் சுத்தப் போறீங்களா? நல்லா இருக்கே நியாயம்! மூடி லேசா ஒழுகுனா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"டீச்சரம்மா, துணி போகணுமா, வேணாமா?"

"போகணும்ங்கிறதுக்காக..."

"சுத்துங்க மாமி" என்றாள் என் மாணவி. குரல் நடுங்கவே இல்லை. "எப்படியாவது அவங்க கைக்குப் போனாப் போதும்."

தைத்தவள் அவள், அனுப்புகிறவள் அவள். ஆனால் சுற்றுவது என்று ஆகிவிட்டால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். "தள்ளுங்க எல்லாரும்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டில்களை வெளியே எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தேன். ஒன்று லேசாக ஆடியது. அந்த அம்மாளிடம் காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் வைத்து இறுக்கி, மேலே டேப் சுற்றி, கவருக்குள் கவர் போட்டு முடிச்சுப் போட்டேன். சட்டைகள் இருக்கிற பக்கத்தை உள்ளே மடித்து, கைலிப் பக்கம் பாட்டிலைத் தொடுகிற மாதிரி சுற்றினேன். ஒழுகினாலும் கைலியோடு நிற்கட்டும். எடை போட்டார்கள். சரியாக வந்தது. அந்த அம்மாள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "டீச்சரம்மா, அடுத்த தடவ பெட்டி கட்டவும் வந்துடுங்க" என்றார். கோபம் போய்ச் சிரித்துவிட்டேன். மனதுக்குள்ளே மட்டும் அந்த ஆடிய மூடி ஆடிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் கரைவெட்டிக்குப் போனேன். அரியலூரிலிருந்து கீழப்பழுவூர்வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. சிமெண்ட் லாரிகளின் புழுதியெல்லாம் பின்னால் போய், திடீரென்று கண் கொள்ளாத தண்ணீர். ஏரி நிறையப் பறவைகள். பைனாகுலர் வைத்திருந்த ஒருவர், எது எந்த நாட்டிலிருந்து வந்த வாத்து என்று எனக்கு விளக்க ஆரம்பித்தார். "சார், எனக்கு இன்னைக்கு லீவு. எதையும் கத்துக்க மாட்டேன்" என்று சொல்லி, கரையோரம் ஒரு மரத்தடியில் துண்டை விரித்தேன். பொட்டலத்திலிருந்த லெமன் சாதத்தைச் சாப்பிட்டேன். செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். காற்று அப்படி வந்தது. மூன்று வார அலுப்பும் முதுகிலிருந்து இறங்கிப்போகிற மாதிரி இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

இந்த மாதிரி நாளில் போனை அணைத்துவிடுவேன். அன்றைக்கு அணைக்கவில்லை. சாயங்காலம் வெயில் தணிந்து, பறவைகள் ஒட்டுமொத்தமாக இறங்கிக் கத்திக்கொண்டிருந்தபோது அடித்தது. அவள்தான்.

"டீச்சர்..." என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

"என்ன, ஒழுகிடுச்சா? சொல்லித் தொலை!"

"ஒழுகல டீச்சர். ஒரு சொட்டுக்கூட ஒழுகல." மூக்கை உறிஞ்சினாள். "அங்க இன்னைக்கு லீவு நாள். புள்ளையோட அத்தா ஏர்போர்ட்டுக்கே போய் வாங்கிட்டாங்க. ரூம்ல கட்டில் மேல விரிச்சாங்களாம். கூட இருக்கிறவங்க எல்லாம் சுத்தி நின்னாங்களாம். எனக்கு வீடியோ போட்டாங்க. மொதச் சட்டைய ஒத்தக் கையால மூடிட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணாத் தடவிக்கிட்டே வந்தாங்க. கடைசியா யூனிஃபார்ம். அதத் தன் நெஞ்சுல வெச்சுக் குனிஞ்சு பாத்தாங்க. இடுப்புக்குக் கீழ வந்துச்சு."

நான் காதில் போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பைனாகுலர்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அவர் என்னதாம்மா சொன்னாரு?"

"அப்படியே கட்டில்ல உக்காந்துட்டாங்க டீச்சர். 'நாளைக்கே லீவு எழுதிக் குடுத்துடுறேன், வேலை போனாலும் பரவாயில்ல'ன்னாங்க. 'இன்னும் வளந்துட்டா என்னால தூக்க முடியாதே'ன்னு சொல்லி ஓன்னு அழுதுட்டாங்க."